தீவகத்துப் பனையும் ஒல்லாந்து ஹொப்ஸும்

1658இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், குடாநாட்டை அடுத்துக் கிடந்த தீவுகளுக்குத் தம் தாய்நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். ஊர்காவற்றுறையைத் தன்னகத்தே கொண்ட வேலணைத்தீவு லெய்டன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் எனவும் நெடுந்தீவு டெல்ப்ட் எனவும் அவர்களுடைய படங்களில் இடம்பெற்றன. இவற்றுள் டெல்ப்ட் என்னும் பெயர் மட்டுமே இன்றளவும் வழக்கில் நிலைத்துள்ளது.

டெல்ப்ட், ஹார்லெம் ஆகிய இரு நகரங்களும் ஒரு காலத்தில் பியர் வடிப்பதால் செல்வம் கொழித்தவை. 17ஆம் நூற்றாண்டில் உலகப் புகழ்பெற்ற டெல்ப்ட் மட்பாண்டத் தொழில், நலிந்து மூடப்பட்ட பழைய பியர் வடிசாலைகளின் கட்டடங்களிலேயே வேரூன்றியது. ஆகவே பியர் நகரங்கள் இரண்டின் பெயர்கள், கள்ளும் கருப்பநீரும் தரும் பனை நிறைந்த நமது தீவுகள் இரண்டின்மேல் வந்து விழுந்தன. பெயர் சூட்டியவர் இதை எண்ணிச் செய்திருக்க மாட்டார்கள். ஆயினும் இந்தப் பொருத்தம் நம்மை ஒரு கேள்விக்கு இட்டுச் செல்கிறது. மக்கள் தம் கையால் ஆக்கிக்கொள்ளும் ஒரு பானத்தில் எதைச் சேர்ப்பது, எதைச் சேர்க்காது விடுவது என்பதைத் தீர்மானிப்பவர் யார்? ஆக்குபவரின் நாவா, ஆள்பவரின் கருவூலமா?

முதலில் ஐரோப்பாவின் கதையை நோக்குவோம். ஹொப்ஸ் என்பது கொடியாகப் படரும் ஒரு செடி. கஞ்சாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. பனையைப் போலவே இதிலும் ஆண் வேறு, பெண் வேறு. பெண்கொடியின் பூங்கொத்தே பியருக்கு உதவுவது. முளைகட்டிய பார்லியிலிருந்து இறக்கிய இனிப்புச் சாற்றுடன் இப்பூவைச் சேர்த்துக் கொதிக்க வைத்தால், அதிலுள்ள பிசின் உருமாறிக் கசப்பைத் தருகிறது. அந்தக் கசப்பு நாவுக்கு மட்டும் உரியதன்று. பியரைப் புளிக்கச் செய்யும் பற்றீரியாக்களை அது அடக்குகிறது. 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜேர்மனியத் துறவி ஹில்டகார்ட், ஹொப்ஸின் கசப்பு பானங்களை நெடுநாள் கெடாது காக்கும் என்று எழுதிவைத்தார். பற்றீரியா என்ற சொல்லே தோன்றாத காலத்தில், அடுப்படியில் நின்றவர்களின் அனுபவம் இந்த உண்மையைக் கண்டறிந்திருந்தது.

ஹொப்ஸ் பரவுமுன் பியருக்குச் சுவையூட்டியது 'குருயிட்' எனப்பட்ட ஒரு மூலிகைக் கலவை. அக்கலவையை விற்கும் உரிமை பிரபுக்களிடமும் திருச்சபையிடமும் இருந்தது. அவர்களிடம் அதை வாங்காமல் எவரும் பியர் வடிக்க இயலாது. கலவையின் பெயரால் அறவிடப்பட்டது உண்மையில் ஒரு வரியே. வேலியில் படரும் ஹொப்ஸ் இந்தத் தனியுரிமைக்கு அப்பாற்பட்டு நின்றது. 14ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்து நகரங்களின் வடிப்போர் ஹொப்ஸுக்கு மாறியபோது பிரபுக்களின் வருமானம் ஆட்டங்கண்டது. அதற்கு ஆள்வோர் கண்ட பரிகாரம் எளியது: ஹொப்ஸுக்கும் வரி விதித்தனர்.

இங்கிலாந்தில் இது இன்னும் வெளிப்படையாக நடந்தது. 1710இல் ஹொப்ஸ்மீது வரி விதித்த பாராளுமன்றம், பியரில் வேறெந்தக் கசப்புப் பொருளையும் இடலாகாது என்றும் விதித்தது. ஏழைகள் வரியில்லாத காட்டுக் கசப்பைத் தேடிப் போய்விடக் கூடாதல்லவா! அந்த வரி 1862 வரை நீடித்தது. 1880இல் வீட்டில் பியர் வடிப்பதற்கே அனுமதிப்பத்திரம் வேண்டும் என்றாயிற்று. 1963இல்தான் அந்தக் கட்டு அவிழ்ந்தது. அமெரிக்காவில் வீட்டுப் பியருக்கு மத்திய அரசின் சட்ட இசைவு கிடைத்தது 1978இல். அதன்பின் அங்கே வீட்டில் பியர் வடிப்பது ஒரு கலையாகவே வளர்ந்துவிட்டது. கொதியின் தொடக்கத்தில் ஹொப்ஸ் இட்டால் கசப்பு மிகும். கொதி இறங்கும் தறுவாயில் இட்டால் மணம் தங்கும். நொதித்து அடங்கிய பின் பச்சையாகவே ஊறவிட்டால் மணம் இன்னும் தூக்கலாக நிற்கும். இந்த நுட்பங்களைப் பற்றி நூல்கள் எழுதப்படுகின்றன, போட்டிகள் நடத்தப்படுகின்றன, பரிசுகள் வழங்கப்படுகின்றன. சொந்த வீட்டில் மேலும் ஒரு பிடி ஹொப்ஸ் சேர்ப்பவன் கலைஞன் என மதிக்கப்படுகிறான்.

ஆயின் அந்தப் பூவைப் பறித்த கைகளுக்கு இந்த மதிப்புக் கிடைத்ததில்லை. கென்ற் மாவட்டத்து ஹொப்ஸ் தோட்டங்களுக்கு ஆண்டுதோறும் அறுவடைக் காலத்தில் இலண்டன் கிழக்குச் சேரிகளின் ஏழைக் குடும்பங்கள் குழந்தை குட்டிகளோடு புறப்பட்டுப் போயின. கொட்டில்களில் வைக்கோலைப் பரப்பிப் படுத்து, பறித்த அளவுக்குக் கூலி பெற்றன. 1931இல் ஜோர்ஜ் ஓர்வெல் அவர்களோடு சேர்ந்து பூப்பறித்து அந்த வாழ்வை எழுதினார். பின்னர் இயந்திரம் வந்தது. அக்குடும்பங்களின் பயணமும் நின்றது.

இனி நமது மண்ணுக்கு வருவோம். வீட்டில் பானம் ஆக்குவது தமிழர்க்குப் புதிதன்று. பெரும்பாணாற்றுப்படை, நெல்லிலிருந்து வீட்டிலேயே ஆக்கிய 'தோப்பி' என்னும் கள்ளைக் குறிப்பிடுகிறது. முளைகட்டிய நெல்லைக்கொண்டு மது சமைக்கும் முறையையும் அது விரித்துரைக்கிறது. பார்லிக்குப் பதில் நெல் என்பதைத் தவிர, அடிப்படையில் அது பியரின் முறையே. மணமும் உறுதியும் தரப் பொருள் சேர்க்கும் வழக்கமும் நமது பக்கத்தில் உண்டு. ஆயுள்வேத அரிட்டங்களில் தாதகிப் பூ இடப்படுகிறது. வேலம்பட்டை சேர்த்து வடித்தமையால் ஒரு சாராயத்துக்குப் பட்டைச் சாராயம் என்றே பெயர் ஏற்பட்டது. இலங்கையின் தென்மேற்கில் கித்துள் நீர் புளிக்காதிருக்க 'ஹல்' என்னும் மரத்தின் பட்டையை முட்டியில் இடுவர். நைஜீரியாவில் ஒருவகைக் கசப்புப் பட்டையைப் பனங்கள்ளில் ஊறவைப்பர். நாடுகள் வேறு, மரங்கள் வேறு. உழைக்கும் மக்கள் கண்ட வழி ஒன்றே.

தீவகத்தில் அந்த இடத்தை வகிப்பது சுண்ணாம்பு. நமது தீவுகள் சுண்ணாம்புக் கல்லின்மீது அமைந்தவை. நெடுந்தீவின் வேலிகளே பவளக் கற்களை அடுக்கி எழுப்பியவை. ஆறில்லாத, மண்ணின் ஆழமும் குறைந்த அந்த நிலத்தில் செழித்து நிற்கும் மரம் பனை. 1850இல் கொழும்பில் வெளியான நூலொன்றில் வில்லியம் பேர்குசன் பனையின் பயன்களை விரிவாக எழுதினார். பனைக்கு 801 பயன்கள் உண்டெனப் பாடும் 'தாலவிலாசம்' என்னும் தமிழ்ச் செய்யுள் நூலை அவர் அதில் எடுத்துக்காட்டினார். கூரைக்கு ஓலையும் வளையும், வேலிக்கு மட்டை, உணவுக்கு ஒடியல், பெட்டிக்கு நார் என ஒரு மரம் ஒரு குடும்பத்தைத் தாங்கியது. இவற்றுள் மிக நுட்பமான தொழில் திறனை வேண்டிநிற்பது பாளையிலிருந்து நீர் இறக்குவது.

பாளை தானாக நீரைச் சொரிவதில்லை. பாளைகளைச் சேர்த்துக் கட்டி, மரக்கருவியால் பலநாள் பதமாக நசித்து, நுனியைப் பாளைக்கத்தியால் மெல்லியதாகச் சீவிவர வேண்டும். ஆண்பனைக்கு ஒரு பக்குவம், பெண்பனைக்கு இன்னொரு பக்குவம். நாளுக்கு இருமுறை ஏறிச் சீவாவிட்டால் பாளையின் கண் அடைத்துவிடும். ஊறும் நீரில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் சர்க்கரை உண்டு. காற்றிலும் முட்டியின் சுவரிலும் இருக்கும் மதுவம் அதில் பட்டவுடனேயே நொதித்தல் தொடங்கிவிடும். காலையில் இனிப்பது மாலையில் வெறியேற்றும். மறுநாள் புளித்துக் காடியாகும். நன்கு நொதித்த கள்ளின் அற்ககோல் அளவு ஏறத்தாழச் சாதாரண பியரின் அளவே.

முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவினால் நிலைமை மாறிவிடும். சுண்ணாம்பின் காரத்தில் மதுவம் பெருக முடியாது. நீர் இனிப்பாகவே நிற்கும். அதுவே கருப்பநீர். அதைக் காய்ச்சினால் பனங்கட்டி, பதப்படுத்தினால் பனங்கற்கண்டு. சுண்ணாம்பு குறைந்தால் நீர் புளிக்கும். கூடினால் பனங்கட்டியின் நிறமும் சுவையும் கெடும். எந்த மரத்துக்கு, எந்த வெயிலுக்கு, எவ்வளவு தடவ வேண்டும் என்பது அளவுகோலுக்குள் அடங்காத கணக்கு. அதைச் சீவல் தொழிலாளியின் விரல் அறியும். சுண்ணாம்பு தடவாத முட்டியிலும் அறிவு உண்டு. முட்டியைக் கழுவுவதா, பழைய மண்டியைச் சிறிது விடுவதா, எத்தனை நாழிகையில் இறக்குவது என்பவற்றைக்கொண்டே கள்ளின் சுவை அமைகிறது. இறக்கிய கையோடு குடிக்கும் உடன்கள்ளுக்கு ஒரு சுவை, மாலைக் கள்ளுக்கு இன்னொரு சுவை. அப்பத்துக்கு மா புளிக்க வைக்கும் குடும்பப் பெண் நாடுவதும் இந்தக் கள்ளின் மதுவத்தையே.

ஹொப்ஸின் அளவை அறிந்தவன் கலைஞன் என்றால், சுண்ணாம்பின் அளவை அறிந்தவனும் கலைஞனே. நமது சமூகம் அவனை எவ்வாறு நடத்தியது?

ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், கிளாஸ் ஈசாக்ஸ் தொகுத்த தேசவழமைச் சட்டத்தில் கோவியரும் நளவரும் பள்ளரும் அடிமைகளாகவே பேசப்படுகின்றனர். சீவல் தொழில் செய்தோருட் பெரும்பாலோர் இந்த மக்களிலிருந்து வந்தோரே. அடிமைமுறை 1844இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயினும் நிலமும் மரமும் உயர்சாதியினரிடமே இருந்தமையால், ஏறுகின்ற பனைக்கு வாரம் கொடுத்தே தொழிலாளி வாழவேண்டியிருந்தது. அவன் இறக்கிய கள் உடையாரின் தொண்டைக்குள் இறங்கலாம். அவன் மட்டும் உடையாரின் கிணற்றில் நீர் அள்ளலாகாது! அவன் கைபட்ட கள்ளில் தீட்டு இல்லை. அவன் கைபட்ட நீரில் தீட்டு உண்டு! சாதியத்தின் பொய்ம்மையை அம்பலப்படுத்த இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பின்னரும் கோயில் வாசல்களும் தேநீர்க் கடைகளும் திறக்கவில்லை. 1966 ஒக்ரோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி நடந்த ஊர்வலமும், அதைத் தொடர்ந்த மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டமுமே அவ்வாசல்களை அசைத்தன. அந்தப் போராட்டங்களில் பனையேறிக் காய்ப்பேறிய கால்களும் நடந்தன.

அரசு பார்த்தது வேறொரு கணக்கை. கள்ளும் சாராயமும் விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டுப் பணம் திரட்டும் முறையை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் ஏற்றுக்கொண்டனர். 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிச் சட்டம் அந்த முறையை மாற்றியமைத்தது. பாளை சீவுவதும் விற்பதும் அனுமதிப்பத்திரத்துக்கு உட்பட்டன. அவ்வேளையில் எழுந்த மதுவிலக்கு இயக்கம் தேசிய எழுச்சிக்கு ஒரு பள்ளியாக அமைந்தது உண்மையே. ஆயின் அந்த மேடைகளில் குடிகாரனைப் பற்றிப் பேசிய அளவுக்குச் சீவல் தொழிலாளியைப் பற்றி எவரும் பேசவில்லை. யாழ்ப்பாணத்தில் மரவரி முறை வந்தபோது, மரத்துக்கு இவ்வளவு என வரி கட்டி அவன் தன் குடிசையிலேயே கள் விற்றான். ஒரே மரம், ஒரே பாளை, ஒரே நீர். சுண்ணாம்பு தடவினால் அது பனங்கட்டிக்கு. தடவாவிட்டால் அது மதுவரிக்கு. சுண்ணாம்பு விட்ட ஓர் இரவின் புளிப்பு, தொழிலாளியைக் குற்றவாளியாக்கப் போதுமாயிற்று. ஹொப்ஸையன்றி வேறு கசப்பை இடாதே என்று இங்கிலாந்தின் ஏழைக்குச் சொன்ன அதே ஆட்சிமரபு, நமது முட்டிக்குள்ளும் எட்டிப் பார்த்தது.

அதே ஆட்சியின் கீழ் மலைநாட்டில் நடந்ததையும் காண வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் அங்கே பியர் வடிக்கத் தொடங்கினார். 1881இல் வணிக ஆலை எழுந்தது. ஹொப்ஸ் இந்நாட்டில் விளைவதில்லை, கடல்கடந்து வரவேண்டும். அதனைக் கொண்டு வடித்த பானம் நாகரிகத்தின் அடையாளமாகப் போத்தலில் ஏறியது. சொந்த மண்ணின் மரத்திலிருந்து, சொந்த மண்ணின் சுண்ணாம்போடு இறங்கிய பானமோ பிளாவில் வார்த்து வேலியோரம் குந்தியிருந்து குடிக்கும் இழிந்த பொருளாயிற்று. இரண்டிலும் உள்ள வெறி ஏறத்தாழ ஒன்றே. மதிப்பில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்! இந்த மதிப்பு பானத்தின் குணத்திலிருந்து பிறந்ததன்று. ஆக்கியவரின் வர்க்கத்திலிருந்தும் சாதியிலிருந்தும் பிறந்தது.

1972இல் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. தனித்தனியே விற்று வந்த தொழிலாளர் தம் கள்ளைச் சங்கத் தவறணைக்குக் கொடுத்து விலை பெறலாயினர். குறைகள் பல இருந்தாலும், தொழிலாளி தன் பொருளின் விலையைப் பற்றிக் கூடிப் பேசும் இடம் ஒன்று உருவாயிற்று. அவன் பிள்ளைகளின் கல்விக்கும் அவ்வருமானம் கைகொடுத்தது. 1978இல் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. ஆயின் அடுத்து வந்தது போர். 1990களின் தொடக்கத்தில் ஊர்காவற்றுறையிலிருந்தும் வேலணையிலிருந்தும் புங்குடுதீவிலிருந்தும் பெரும்பகுதி மக்கள் இடம்பெயர்ந்தனர். காப்பரண்களுக்காக வடக்கெங்கும் பனைகள் தறிக்கப்பட்டன. பனை வளர்ந்து பாளை தள்ளப் பதினைந்து ஆண்டுக்கு மேல் செல்லும். அதைத் தறிக்க ஒரு நாழிகை போதும். திரும்பி வந்த குடும்பங்களின் இளைஞர் ஏறத் தயங்குவதில் வியப்பில்லை. தவறி விழுந்தால் இடுப்பு முறியும். விழாவிட்டாலும் ஊர் பழைய பெயரைச் சொல்லியே அழைக்கும்.

தமிழகத்தின் நிலையும் நமக்கு ஒரு பாடம். 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு பின்னர் பலமுறை தளர்ந்தும் இறுகியும் வந்தது. 1987 தொடக்கம் அங்கே கள்ளுக்குத் தடை. 2003 தொடக்கம் ஆலைமதுவை அரசு நிறுவனமே கடை திறந்து விற்கிறது. மரத்தில் ஏறுபவன் குற்றவாளி. ஆலை நடத்துபவன் தொழிலதிபர். ஒழுக்கத்தின் பெயரால் நடப்பது ஒழுக்கந்தானா என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

நாம் குடிக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. குடியால் சீரழிந்த தொழிலாளர் குடும்பங்களையும், அந்தச் சீரழிவின் சுமையைத் தம் தோளில் தாங்கிய பெண்களையும் மறந்து எழுதுவது மக்கள் எழுத்தாகாது. சீவல் தொழிலாளியின் மனைவி அடுப்பின் புகையில் நின்று பனங்கட்டி காய்ச்சியதும், கணவன் தவறணையில் கூலியைக் கரைத்ததும் ஒரே வீட்டில் நிகழ்ந்தவையே. ஆயின் அந்தத் தீங்கை எதிர்ப்பது வேறு. ஒரு தொழிலையும் அதைச் செய்யும் மக்களையும் இழிவுபடுத்துவது வேறு. முதலாவதற்குக் கல்வியும் நல்ல கூலியும் ஓய்வும் வேண்டும். இரண்டாவது, சாதியின் பழைய கணக்கை ஒழுக்கத்தின் புதிய மொழியில் எழுதுவதேயாகும்.

இந்த வரலாறு கூறுவது யாது? ஒல்லாந்தின் ஹொப்ஸும் தீவகத்தின் சுண்ணாம்பும் ஒரே வகையான மனித அறிவின் பிள்ளைகள். இரண்டையும் ஏழை எளியோரின் கைகளே கண்டறிந்தன. இரண்டின்மீதும் ஆள்வோர் கை வைத்தனர். அங்கே காலம் மாறியது, வரி நீங்கியது, வீட்டில் வடிப்பவன் கௌரவம் பெற்றான். இங்கே வரியும் இழிவும் தொழிலாளியை விடாது தொடர்ந்தன. அறிவு மட்டும் அவனோடு சேர்ந்து மூப்படைகிறது. நெடுந்தீவிலும் நயினாதீவிலும் ஊர்காவற்றுறையிலும் எஞ்சியுள்ள முதிய தொழிலாளர் அறிந்ததை, அவர்கள் வாயாலேயே கேட்டு ஏட்டில் பதிக்க வேண்டும். ஏறும் உயிருக்குக் காப்புறுதி வேண்டும். கருப்பநீருக்கும் பனங்கட்டிக்கும் நியாய விலை வேண்டும். சங்கம் தொழிலாளியின் கையில் இருக்க வேண்டும். இவை பெரிய கோரிக்கைகள் அல்ல. அந்நிய நாட்டுப் பூவின் மணத்தைப் புகழக் கற்றுக்கொண்ட நாம், நமது பனையில் முட்டி கட்டும் மனிதனை மனிதனாக மதிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அந்தப் பாடத்தை இனியும் தள்ளிப்போட நமக்கு உரிமையில்லை.